அமெரிக்காவில் யூனியன் சந்தா கட்டாயமா? 'ரைட் டு ஒர்க்' சட்டங்கள் சொல்வது என்ன

அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ வேலைக்குச் சேருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஏற்கெனவே யூனியன் இருக்கிறது. சேர்ந்த சில நாட்களில், சம்பளத்திலிருந்து சந்தா பிடித்துக்கொள்ள ஒப்புதல் கேட்டு ஒரு படிவம் கைக்கு வருகிறது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லலாமா? சொன்னால் வேலை போய்விடுமா?

எந்த மாநிலத்தில், யாரிடம் வேலை பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். டெக்சஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா, வட கரோலினா, வர்ஜீனியா, டென்னசி, அரிசோனா, நெவாடா உட்பட 26 மாநிலங்களில் 'ரைட் டு ஒர்க்' சட்டம் நடப்பில் உள்ளது. யூனியனுக்குப் பணம் கட்டினால்தான் வேலையில் நீடிக்கலாம் என்ற நிபந்தனையை, நிர்வாகமும் யூனியனும் போடும் ஒப்பந்தத்தில் சேர்க்கக் கூடாது என்பதுதான் அந்தச் சட்டத்தின் சாரம். நிர்வாகமே சம்மதித்தாலும் சேர்க்க முடியாது. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய், மிச்சிகன் போன்ற மற்ற மாநிலங்களில் தனியார் நிறுவனங்கள் அந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ளலாம்.

இந்தச் சட்டம் யாருக்கும் வேலை தருவதில்லை, இருக்கிற வேலைக்குப் பாதுகாப்பும் தருவதில்லை. காரணம் சொல்லாமலே வேலையை விட்டு அனுப்பலாம் என்ற அமெரிக்க வழக்கம் தனி விஷயம். மொன்டானா தவிர எல்லா மாநிலங்களிலும் அதுதான் பொது விதி. இரண்டையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். உண்மையில் காரணமில்லாத பணிநீக்கத்தைத் தடுக்கும் விதி பெரும்பாலும் யூனியன் ஒப்பந்தத்துக்குள்தான் இருக்கும்.

சரி, விருப்பமுள்ளவர் சந்தா கட்டட்டும், இல்லாதவர் விடட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதானே, இதில் சண்டை எங்கே வருகிறது? அதைப் புரிந்துகொள்ள அமெரிக்கத் தொழிற்சங்கச் சட்டத்தின் அடிப்படையைப் பார்க்க வேண்டும். நம்மூர் பஸ் டெப்போ ஒன்றில் தொமுச, சிஐடியு, அண்ணா தொழிற்சங்கம் என்று பல கொடிகள் பறக்கும். அமெரிக்காவில் அப்படிக் கிடையாது. ஒரு தொழிலாளர் பிரிவில் பெரும்பான்மை வாக்குப் பெற்ற ஒரே யூனியன்தான் அந்தப் பிரிவில் உள்ள எல்லோருக்கும் பிரதிநிதி. உறுப்பினராக இல்லாதவருக்கும், எதிர்த்து வாக்களித்தவருக்கும் சேர்த்துத்தான் அது ஊதிய ஒப்பந்தம் பேசுகிறது. 1935-ல் வந்த தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் இந்த அதிகாரத்தைக் கொடுத்தது.

அதிகாரத்தோடு கடமையும் வந்தது. அது வந்த வழியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அலபாமாவில் லூயிவில் அண்ட் நாஷ்வில் ரயில்வேயில் பெஸ்டர் வில்லியம் ஸ்டீல் என்பவர் ஃபயர்மேனாக வேலை பார்த்தார். நீராவி எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. அவர் கறுப்பினத்தவர். ஃபயர்மேன்களின் யூனியன் கறுப்பினத்தவரை உறுப்பினராகவே சேர்க்காது. ஆனால் பெரும்பான்மை அதன் பக்கம் இருந்ததால், சட்டப்படி அவருக்கும் அதுதான் பிரதிநிதி. 1941-ல் அந்த யூனியன் நிர்வாகத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, கறுப்பின ஃபயர்மேன்களை நல்ல வேலைகளிலிருந்து ஒதுக்கியது. ஸ்டீல் வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். 1944 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: எல்லோருக்கும் பிரதிநிதி என்ற அதிகாரத்தை வைத்திருக்கும் யூனியன், உறுப்பினர் அல்லாதவருக்காகவும் பாகுபாடில்லாமல் பேசியாக வேண்டும். ரயில்வே வழக்கில் பிறந்த இந்தக் கடமை பின்பு மற்ற தொழில்களுக்கும் வந்தது.

அதனால் இன்று சந்தா கட்டாத தொழிலாளிக்கும் அதே சம்பள உயர்வு, அதே மருத்துவக் காப்பீடு. அவரை நிர்வாகம் அநியாயமாக நீக்கினால், குறை தீர்ப்பு நடைமுறையில் அவருடைய புகாரையும் யூனியன் நியாயமாகக் கையாள வேண்டும். அது நடுவர் வரை போனால் வழக்கறிஞர் செலவும் யூனியன் கணக்கில்தான். இந்தச் செலவில் ஒரு பங்கை எல்லோரும் கொடுங்கள் என்று யூனியன் கேட்கிறது. நான் கேட்காத சேவைக்கு நான் ஏன் பணம் தர வேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்கிறது.

1947-ல் வந்த டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம்தான் மாநிலங்களுக்கு இந்த வாசலைத் திறந்தது. அதிபர் ட்ரூமன் தன் மறுப்பதிகாரத்தைப் பயன்படுத்தியும், நாடாளுமன்றம் அதை மீறி நிறைவேற்றியது. யூனியன் உறுப்பினரை மட்டுமே வேலைக்கு எடுப்போம் என்ற பழைய ஏற்பாட்டை அது முற்றிலும் தடை செய்தது. வேலைக்குச் சேர்ந்து 30 நாட்களுக்குப் பிறகு யூனியனுக்குப் பணம் கட்டச் சொல்லும் ஒப்பந்தத்தை அனுமதித்தது. கூடவே 14(பி) என்ற பிரிவில், விரும்பும் மாநிலங்கள் அதையும் தடை செய்துகொள்ளலாம் என்றது. அதற்கு முன்பே 1944-ல் ஃப்ளோரிடாவும் ஆர்கன்சாவும் மக்கள் வாக்கெடுப்பு நடத்தித் தடையைக் கொண்டுவந்திருந்தன. அந்த நாட்களில் இதற்காக முனைந்து வேலை செய்தவர் டெக்சஸைச் சேர்ந்த வான்ஸ் மியூஸ். வெள்ளையர்களும் கறுப்பினத்தவரும் ஒரே யூனியனில் இருக்க வேண்டிவரும் என்ற பயத்தை வெளிப்படையாகவே கிளப்பியவர். 1961-ல் மார்ட்டின் லூதர் கிங் இந்தச் சட்டங்களைக் கடுமையாக எதிர்த்ததை இந்தப் பின்னணியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1965-ல் அதிபர் ஜான்சன் காலத்தில் 14(பி)-யை நீக்கும் மசோதா கீழவையில் நிறைவேறியது. செனட்டில் பேசிப் பேசியே அதை முடக்கினார்கள்.

'கட்டாயச் சந்தா' என்று சொல்லும்போது, எவ்வளவு கட்டாயம் என்பதையும் கவனிக்க வேண்டும். முழு உறுப்பினராகச் சேர யாரையும், எந்த மாநிலத்திலும் வற்புறுத்த முடியாது. 1963-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தொடர்பான வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. கட்டாயப்படுத்த முடிவது பணத்தை மட்டும்தான். அதிலும் 1988-ல் வந்த பெக் வழக்குத் தீர்ப்பு இன்னொரு வரம்பு போட்டது. உறுப்பினர் அல்லாத தனியார் துறைத் தொழிலாளி எதிர்ப்புத் தெரிவித்தால், பேச்சுவார்த்தை, ஒப்பந்த நிர்வாகம், குறை தீர்ப்பு ஆகியவற்றுக்கான செலவில் தன் பங்கை மட்டும் கட்டினால் போதும். யூனியன் அரசியலுக்குச் செலவிடும் பங்கை அவரிடம் வாங்கக் கூடாது. மத நம்பிக்கை காரணமாக யூனியனுக்கே பணம் தர முடியாதவர், அதே தொகையை ஓர் அறக்கட்டளைக்குக் கொடுக்கவும் சட்டத்தில் வழி உண்டு.

ஆனால் பெக் உரிமையைக் கேட்டால்தான் கிடைக்கும். தான் எதிர்க்கும் கட்சியின் பிரசாரத்துக்குத் தன் சம்பளத்திலிருந்து பணம் போகிறதே என்று ஒரு தொழிலாளி கோபப்பட்டால், அந்தக் கோபம் நியாயமானது. சந்தாப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், இந்த உரிமையை அச்சிட வேண்டும் என்பது என் கருத்து. தன் தொழிலாளியிடம் மறைக்க எதுவும் இல்லாத யூனியனுக்கு அதில் நஷ்டம் வராது.

அப்புறம் அரசு ஊழியர்கள். அவர்கள் விஷயத்தில் மாநில எல்லைக்கு இப்போது வேலையே இல்லை. 1977-ல் அபூட் வழக்கில், உறுப்பினர் அல்லாத அரசு ஊழியரிடமும் பேச்சுவார்த்தைச் செலவுக்கான பங்கை வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2018 ஜூன் 27 அன்று ஜேனஸ் வழக்கில் 5-4 என்ற பெரும்பான்மையில் அது தலைகீழானது. இல்லினாய் அரசில் குழந்தைகள் பராமரிப்புத் தொகை தொடர்பான பணியில் இருந்த மார்க் ஜேனஸிடம் மாதம் சுமார் 45 டாலர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அரசோடு ஊதியம் பேசுவதே அரசியல் பேச்சுதான், ஒருவர் சம்மதிக்காமல் அதற்குப் பணம் வாங்குவது அவருடைய கருத்துரிமையைப் பறிக்கும் என்றது நீதிமன்றம். பள்ளி ஆசிரியர், நகராட்சிப் பணியாளர், அரசுப் பல்கலைக்கழக ஊழியர் என்று யாராக இருந்தாலும் இப்போது சம்மதம் இல்லாமல் ஒரு டாலர்கூடப் பிடிக்க முடியாது. மத்திய அரசு ஊழியர்களுக்கு முன்பிருந்தே கட்டாயம் கிடையாது.

ரயில்வே, விமான ஊழியர்கள் கதை நேர் எதிர். அவர்களுக்கு ரயில்வே தொழிலாளர் சட்டம் என்ற தனிச் சட்டம் இருக்கிறது. 1951 திருத்தத்துக்குப் பிறகு, மாநிலச் சட்டம் என்ன சொன்னாலும் அங்கே கட்டாயக் கட்டணம் செல்லும். டெக்சஸில் இருந்து பறக்கும் விமானப் பணிப்பெண்ணுக்கு டெக்சஸின் ரைட் டு ஒர்க் சட்டம் உதவாது.

யார் சொல்வது சரி? கட்டாயத்தை எதிர்ப்பவர்களின் வலுவான வாதம் இது: எல்லோருக்கும் ஒரே பிரதிநிதி என்ற அதிகாரத்தை யூனியன்கள் விரும்பித்தானே வைத்திருக்கின்றன, அதனால் வரும் சுமையை மட்டும் ஏன் மற்றவர் தலையில் கட்டுகிறார்கள்? இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரத்தால் வரும் ஊதிய உயர்வை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் வழி எந்தத் தொழிலாளிக்கும் இல்லை. கொடுக்கவும் மாட்டார். பலனைப் பெறுகிறவர், அரசியல் செலவு கழித்த பங்கையாவது கொடுப்பதுதான் முறை என்றே நான் நினைக்கிறேன். தனியார் துறையில் ஒப்பந்தத்தின் இரண்டு தரப்பும் சம்மதித்த ஒரு நிபந்தனையை மாநில அரசு ஏன் தடுக்க வேண்டும் என்ற கேள்விக்கும் எனக்கு நல்ல பதில் இன்னும் கிடைக்கவில்லை.

ஊதியத்தில் என்ன விளைவு என்பதில் பொருளாதார வல்லுநர்கள் பல ஆண்டுகளாக மோதிக்கொள்கிறார்கள். ரைட் டு ஒர்க் மாநிலங்களில் சராசரி ஊதியம் குறைவு. ஆனால் அங்கே விலைவாசியும் பல இடங்களில் குறைவு, தொழில்களும் வேறு. ஆகவே அந்த வித்தியாசம் முழுவதையும் சட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. யூனியன்களின் பலத்தைப் பொறுத்தவரை படம் தெளிவு. 2024-ல் நாடு முழுக்க தொழிலாளர்களில் 9.9 சதவீதம் பேர்தான் யூனியன் உறுப்பினர்கள். ஹவாயில் 26.5 சதவீதம், வட கரோலினாவில் 2.4 சதவீதம்.

அதற்காகச் சட்டம் வந்தால் யூனியன் செத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. நெவாடாவில் 1952 முதல் ரைட் டு ஒர்க் இருக்கிறது. அங்கேதான் லாஸ் வேகஸ் ஹோட்டல்களில் அறை சுத்தம் செய்பவர்கள், சமையல்காரர்கள், பரிமாறுபவர்கள் சேர்ந்து கலினரி யூனியனைச் சுமார் 60,000 பேர் கொண்ட அமைப்பாக வளர்த்திருக்கிறார்கள். 2023 நவம்பரில் பெரிய ஹோட்டல் நிறுவனங்கள் வேலைநிறுத்தக் கெடுவுக்குச் சற்று முன்பு அவர்களோடு ஒப்பந்தத்துக்கு வந்தன. டென்னசியின் சாட்டனூகா ஃபோக்ஸ்வாகன் ஆலையில் 2014-லும் 2019-லும் தோற்ற வாகனத் தொழிலாளர் யூனியன், 2024 ஏப்ரலில் ஜெயித்தது.

சட்டங்களும் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. 2012-க்கும் 2017-க்கும் இடையில் இந்தியானா, மிச்சிகன், விஸ்கான்சின், மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி ஆகியவை ரைட் டு ஒர்க் பக்கம் வந்தன. மிசூரி சட்டசபையும் நிறைவேற்றியது. ஆனால் 2018 ஆகஸ்டில் மக்கள் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலானவர்கள் அதை நிராகரித்தார்கள். 2022-ல் டென்னசி தன் அரசியல் சட்டத்திலேயே ரைட் டு ஒர்க்கை எழுதிக்கொண்டது. அதே ஆண்டு இல்லினாய் அதைத் தடுக்கும் திருத்தத்தை எழுதிக்கொண்டது. மிச்சிகன் 2023-ல் தன் சட்டத்தை ரத்து செய்தது. 2024 பிப்ரவரி 13 முதல் அந்த ரத்து நடைமுறையில் இருக்கிறது.

படிவம் கையில் இருப்பவருக்குச் சில நடைமுறை விஷயங்கள். உறுப்பினராகச் சேராவிட்டால் ஒப்பந்தத்தை ஏற்கலாமா வேண்டாமா என்ற வாக்கெடுப்பிலும், நிர்வாகிகள் தேர்தலிலும் பொதுவாக உங்களுக்கு ஓட்டு இல்லை. உங்கள் சம்பளம் பற்றி மற்றவர்கள் முடிவெடுப்பார்கள். இதை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். ரைட் டு ஒர்க் இல்லாத மாநிலத்தில், ஒப்பந்தத்தில் கட்டண நிபந்தனை இருந்து, நீங்கள் எதுவுமே கட்டாவிட்டால், யூனியன் கேட்டு உங்களை வேலையிலிருந்து நீக்க முடியும். அதனால் சும்மா இருந்துவிடாமல், பெக் உரிமையைக் கோருவதாக இருந்தால் எழுத்தில் கோருங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரிவின் ஊழியர்களில் 30 சதவீதம் பேர் மனுப் போட்டால், அந்த நிபந்தனையையே நீக்கத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் ரகசிய வாக்கெடுப்பு நடத்தும். அதில் உறுப்பினர் அல்லாதவருக்கும் ஓட்டு உண்டு.

உறுப்பினர் ஆவதும், சம்பளத்தில் பிடித்தம் செய்ய ஒப்புதல் தருவதும் இரண்டு தனித்தனி விஷயங்கள், ஒரே தாளில் அச்சிட்டிருந்தாலும். உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்ட பிறகும் பிடித்தம் தொடரலாம். தனியார் துறையில் அந்த ஒப்புதல் ஓராண்டு வரை, அல்லது ஒப்பந்தம் அதற்கு முன் முடிந்தால் அதுவரை, திரும்பப் பெற முடியாததாக இருக்கலாம். பல படிவங்களில் வருடத்துக்கு ஒருமுறை சில நாட்கள் மட்டும் விலக இடம் விட்டிருப்பார்கள். கையெழுத்துப் போடும் முன்பு அந்த நாட்கள் எவை என்று பார்த்து, தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.