சீ.டீ.சீ. கையில் இருந்தால் மட்டும் போதாது

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் பெடியள் வணிகக் கப்பலில் சேர ஆயத்தமாகும்போது அவர்களுடைய ஆவணங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. நான் முதலில் பார்ப்பது பெயரை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து 2009க்குள் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்த குடும்பங்கள் வன்னியில் ஏராளம். பிறகு எடுத்த பிரதியில் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. ஊருக்குள் இது பெரிய விஷயமில்லை. ஆனால் கடவுச்சீட்டும், கடற்சேவையைப் பதியும் மாலுமிப் புத்தகமான சீ.டீ.சீ.யும் ஒத்துப்போகாவிட்டால் வெளிநாட்டுத் துறைமுகத்தில் நிற்பது நீங்கள்தான். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே திருத்திவிடுங்கள்.

சீ.டீ.சீ. கிடைத்தால் வேலை கிடைத்த மாதிரி என்று சில ஏஜென்ட்மார் சொல்ல, அம்மாமார் நகையை அடகு வைக்கிறார்கள். எனக்கு மனம் பொறுப்பதில்லை. அது வேலைக்கான கடிதமே இல்லை. அதன் பெறுமதி பிறகு நிரம்பும் பக்கங்களில்தான் இருக்கிறது: கப்பலின் பெயர், ஐ.எம்.ஓ. இலக்கம் (கப்பலின் நிரந்தர அடையாள எண்), பதவி, ஏறிய திகதி, இறங்கிய திகதி, கப்டனின் கையெழுத்து, முத்திரை. அடுத்த தரத்துக்குப் போக உங்கள் கடற்சேவையை இந்த வரிகளை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.

இறங்கும் நாளில் வீட்டு நினைப்பில் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு திகதியையும் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முத்திரை விடுபட்டால் பிறகு அந்தக் கப்டனை எங்கே போய்த் தேடுவது? கப்பல் கைமாறிப் பெயரே மாறியிருக்கலாம். ஐ.எம்.ஓ. இலக்கம் மட்டும் மாறாது, அதனால் அதில் ஒரு எண்கூடப் பிழைக்கக்கூடாது. ஏறாத கப்பலுக்குச் சேவை எழுதித் தருகிறோம் என்று யாராவது வந்தால் கிட்டவே போகாதீர்கள். பொய்ச் சேவை காட்டி வந்த, தீயணைக்கத் தெரியாதவனை நம்பி மற்ற மாலுமிகள் உறங்க முடியாது.

இன்னொன்று. இலங்கையும் ஏற்றுக்கொண்ட 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயத்தின்படி, ஆட்சேர்ப்புக்காக உங்களிடம் கட்டணம் அறவிடக்கூடாது. மருத்துவச் சான்றிதழ், சீ.டீ.சீ., கடவுச்சீட்டு போன்றவற்றின் செலவு உங்களுடையது. விசாச் செலவு கப்பல் உரிமையாளருடையது. சேவைப் பதிவில் உங்கள் வேலையின் தரத்தைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ எதுவும் எழுதவும் கூடாது.

ஏஜென்ட் சீ.டீ.சீ.யின் மூலப்பிரதியை வைத்துக்கொள்ளக் கேட்டால் ஸ்கேன் பிரதியைக் கொடுங்கள். மூலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் கண்முன்னே பார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தரட்டும்.