மின்சாரத்தைச் சேமிக்க வந்த விளக்குக் கம்பத்தில் கேமரா எதற்கு?

தெருவிளக்குகளை எல்.இ.டி. விளக்குகளாக மாற்றும் திட்டங்களின் கோப்புகளைத் தனியுரிமை ஆலோசகர் என்ற முறையில் தொடர்ந்து படித்து வருகிறேன். அண்மையில் கைக்கு வந்த ஒன்றிலும், மின்சேமிப்புக் கணக்கு பல பக்கங்களுக்கு நீள, அதே கம்பங்களில் பொருத்தவிருக்கும் கேமராக்கள் பின்னிணைப்பில் ஒரே வரியில் கிடந்தன. இதை அலுவல் குறிப்பில் மட்டும் எழுதி அனுப்பிவிட்டு அமைதியாக இருக்க இனியும் மனம் ஒப்பவில்லை.

அமெரிக்காவின் சான் டியேகோ நகர மன்றம் 2016இல் ஒப்புதல் அளித்த தெருவிளக்குத் திட்டமும் மின்சேமிப்பையும் போக்குவரத்துத் தரவையும் முன்னிறுத்தியே நிறைவேறியது. 3,000க்கும் மேற்பட்ட கம்பங்களில் அமைந்த கேமராக்களின் பதிவுகளைக் காவல்துறை 2018 முதல் விசாரணைகளுக்குப் பயன்படுத்தியது பின்னர்தான் மக்களுக்குத் தெரியவந்தது. எதிர்ப்பு வலுத்ததால் 2020இல் அவற்றை அணைக்க மேயர் உத்தரவிட்டார். கண்காணிப்புக் கருவிகளுக்கு மன்றத்தின் ஒப்புதலைக் கட்டாயமாக்கும் விதி 2022இல்தான் வந்தது.

“பெயர்களை நீக்கிவிடுகிறோம், பிறகென்ன அச்சம்?” என்று இத்திட்டங்களை முன்வைப்போர் தரும் பதிலைக் கேட்கும்போதுதான் எனக்குப் பொறுமை போகிறது. பெயரில்லாத பதிவும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். இரவு ஒரு வாகனம் நிற்கும் தெரு, காலையில் அது சென்று சேரும் அலுவலகம், வாரந்தோறும் போகும் மருத்துவமனை ஆகியவற்றை ஒன்றுசேர்த்தால் அந்த வழியில் செல்பவர் பெரும்பாலும் ஒருவராகத்தான் இருப்பார். சுமார் 15 லட்சம் கைப்பேசிப் பயனர்களின் இருப்பிடத் தரவை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, இடமும் நேரமும் கொண்ட நான்கே புள்ளிகள் 95 விழுக்காட்டினரைத் தனித்துப் பிரித்தறியப் போதுமானவை எனக் காட்டியது. வாகன எண்ணையே படிக்கும் கேமரா என்றால் இவ்வளவு சிரமமும் தேவையில்லை.

நிதியிலும் ஒரு சிக்கல் உண்டு. மானியம் பெரும்பாலும் கருவியை வாங்குவதோடு நின்றுவிடும். மென்பொருள் சந்தாவும் பதிவுகளைச் சேமிக்கும் கட்டணமும் ஆண்டுதோறும் உள்ளாட்சியின் தலையில் விழும். விளக்குகள் மிச்சப்படுத்திய பணம் அதற்கே போனால் அடுத்த பசுமைத் திட்டத்துக்கு எதை ஒதுக்குவது?

மன்ற உறுப்பினர்களே, விளக்குக்கும் கேமராவுக்கும் தனித்தனித் தீர்மானம் கேளுங்கள். பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம், தரவு யாருக்கு உரியது, ஒப்பந்தம் முடிந்ததும் யார் அழிப்பார் என்பவை கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். (தரவு உரிமைப் பிரிவைக் கருவி விற்கும் நிறுவனமே எழுதித் தந்திருந்தால் இருமுறை படியுங்கள்.) கொள்கையைப் பிறகு வகுத்துக்கொள்ளலாம் என்று எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள். குடியிருப்போரிடம் என் வேண்டுகோள், வாக்கெடுப்புக்கு முன் நடக்கும் கூட்டத்துக்குத் தயவுசெய்து செல்லுங்கள். கேமராவின் ஆண்டுச் செலவை வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பில் காட்டும்படி கேளுங்கள்.