இன்டர்ஃபேஸ்: இடைமுகமா, முகப்பா?

புதிய செயலி ஒன்றைப் பற்றிய கூட்டத்தில் "இன்டர்ஃபேஸ் இன்னும் நல்லா இருக்கலாம்" என்று மேலாளர் சொன்னால், பெரும்பாலும் அவர் மனதில் இருப்பது பொத்தானின் நிறமும் எழுத்தின் அளவும்தான். திரை பார்க்க எப்படி இருக்கிறது என்பதுதான் அவர் கேள்வி. ஆனால் அந்தச் சொல்லின் பொருள் திரையோடு நிற்பதில்லை. திரையே இல்லாத சாதனங்களும், கேட்டால் பதில் சொல்லும் மென்பொருள்களும் பெருகிவரும் இப்போது, அதன் முழுப் பொருளும் தெரிந்திருப்பது நல்லது.

சொல் பிறந்தது கணினித் துறையில் அல்ல, இயற்பியலில். எண்ணெயும் நீரும் போல இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்ளும் பொதுப் பரப்பைக் குறிக்க 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 'இன்டர்' என்றால் லத்தீனில் 'இடையே'. 'ஃபேஸ்' என்பதன் மூலம் 'ஃபாசியெஸ்'; வடிவம், தோற்றம், முகம் என்று பொருள். அந்தப் பரப்பு எண்ணெய்க்கு மட்டும் உரியதல்ல, நீருக்கு மட்டும் உரியதும் அல்ல. இரண்டும் இருந்தால்தான் அதுவும் இருக்கும். 1960களில் கணினித் துறையில் இந்தச் சொல் பரவியபோதும் இந்தக் கருத்து மாறவில்லை. ஒரு கருவி இன்னொரு கருவியோடு சேரும் இடமும் இன்டர்ஃபேஸ், மனிதரும் கணினியும் சந்திக்கும் இடமும் இன்டர்ஃபேஸ்.

தமிழில் நிலைத்துவிட்ட சொல் 'இடைமுகம்'. 'இடைமுகப்பு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டி ஒட்டிய மொழிபெயர்ப்பு என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழில் முகம் என்பது கண்ணும் மூக்கும் உள்ள முகம் மட்டுமல்ல. வாயில், திறப்பு என்ற பொருள்களும் அதற்கு உண்டு. துறைமுகத்தில் இருப்பதும் ஆற்றின் முகத்துவாரத்தில் இருப்பதும் இந்த முகம்தான். கடல்வழியும் தரைவழியும் சந்தித்துச் சரக்கு கைமாறும் இடம் துறைமுகம் என்றால், இரு தரப்பு சந்தித்துத் தகவல் கைமாறும் இடத்துக்கு இடைமுகம் என்று பெயர் வைத்ததில் பிழையே இல்லை.

'முகப்பு' வேறு. கட்டடத்தின் முன்பக்கம் முகப்பு; இணையதளத்தின் முதல் பக்கமும் முகப்புதான். மேலே சொன்ன மேலாளர் பேசியது முகப்பைப் பற்றி. இந்த இரண்டையும் பிரித்து எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும்.

இந்தக் குடும்பத்தின் மற்ற சொற்களையும் பார்த்துவிடுவோம். யூஐ என்பது பயனர் இடைமுகம். படங்களும் சாளரங்களும் கொண்டது வரைகலைப் பயனர் இடைமுகம். இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் ஏபிஐ, பயன்பாட்டு நிரலாக்க இடைமுகம். (நீளம்தான். பேச்சில் எல்லோரும் ஏபிஐ என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும்.) யூஎக்ஸ் என்பது பயனர் அனுபவம். 1990களில் ஆப்பிளில் இருந்த டான் நார்மன் தன் பதவிப் பெயரிலேயே இந்தத் தொடரைச் சேர்த்துக்கொண்டதிலிருந்துதான் அது தொழில்துறையில் பரவியது. ஒரு பொருளைப் பற்றிக் கேள்விப்படுவதில் தொடங்கி, வாங்கி, பயன்படுத்தி, பழுது வந்தால் உதவி கேட்பது வரை எல்லாமே அனுபவத்தில் சேரும். இடைமுகம் அதில் ஒரு பகுதி.

அந்த ஒரு பகுதி சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஆகஸ்ட்டில் சிட்டிபேங்கில் நடந்தது நல்ல உதாரணம். ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு அந்த வங்கி அனுப்ப வேண்டியிருந்தது சுமார் 78 லட்சம் டாலர் வட்டி. போனது கிட்டத்தட்ட 90 கோடி டாலர். அசல் தொகை வெளியே போகாமல் வங்கியின் உள்கணக்குக்குப் போக, மென்பொருளில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். நிரப்பியது ஒன்றை மட்டும். மூன்று பேர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே பணம் போனது, ஆனால் மூவருமே எல்லாம் சரி என்றுதான் நினைத்தார்கள். கடன் கொடுத்தவர்களில் சிலர் சுமார் 50 கோடி டாலரைத் திருப்பித் தர மறுத்தார்கள். 2021இல் கீழ் நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது; 2022இல்தான் மேல்முறையீட்டில் வங்கிக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது. அந்தத் திரையை எவ்வளவு அழகாக்கியிருந்தாலும் இது தடைபட்டிருக்காது. பணம் வங்கியை விட்டு வெளியே போகும் என்ற எச்சரிக்கை திரையில் வரத்தான் செய்தது; எவ்வளவு பணம் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. அந்த ஒற்றைத் தகவல் அனுப்புபவரிடம் வந்து சேர்ந்திருந்தால் தடைபட்டிருக்கும். முகப்பில் இருந்த குறையல்ல அது, இடைமுகத்தின் குறை.

சரி, புதிதாக வரும் இடைமுகங்கள்? குரல், உரையாடல், சைகை, கண்ணசைவு என்று வரிசை நீள்கிறது. மூளை-கணினி இடைமுகம் என்ற பெயர்கூட 1970களிலேயே வந்துவிட்டது. இவற்றில் மேலாளர்கள் மேசைக்கு இன்று அதிகம் வருவது உரையாடல் இடைமுகம். கருத்து பழையது: 1966இலேயே எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற உரையாடும் நிரலைச் செய்துவிட்டார். 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு எல்லா நிறுவனங்களும் தங்கள் செயலியில் ஒரு தட்டச்சுப் பெட்டியை வைக்க ஆசைப்படுகின்றன.

ஆசைப்படுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1984இன் மெக்கின்டோஷ் போன்ற கணினிகள் சாதித்தது, கட்டளைகளை மனப்பாடம் செய்யும் வேலையை ஒழித்ததுதான். என்னென்ன செய்யலாம் என்பதைத் திரையில் உள்ள பட்டியே (மெனு) காட்டிவிடும். பார்த்துத் தொட்டால் போதும். வெற்றுத் தட்டச்சுப் பெட்டி அந்த வசதியைப் பறித்துவிடுகிறது. எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் பயனில்லை என்று பயனருக்குத் தெரியாது. குரலில் இன்னும் சிக்கல், ஏனென்றால் சொன்னது காற்றோடு போய்விடும், திரும்பிப் பார்க்க ஒன்றும் இருக்காது. அதனால் தேர்வுகள் நான்கைந்துதான் என்றால் பொத்தான்களே மேல் என்பது என் கருத்து.

அப்புறம், உரையாடல் இடைமுகம் சொல்வதற்கு யார் பொறுப்பு? ஏர் கனடாவின் தளத்தில் இருந்த உரையாடல் நிரல், துக்கத்துக்காகப் பயணம் செய்பவர்களுக்கான கட்டணச் சலுகையைப் பற்றி ஒரு பயணியிடம் தவறான தகவலைச் சொன்னது. அதற்குத் தான் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதிட்டது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் இழப்பீடு தரச் சொன்னது. நிரலும் தளத்தின் ஒரு பகுதிதான், தளத்தில் உள்ள தகவல் எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்பது தீர்ப்பின் சாரம்.

அடுத்து வருவது நமக்காகத் தானே வேலை செய்யும் மென்பொருள். அதைத் தமிழில் முகவர் என்கிறோம். பயணச்சீட்டு எடுப்பதையும் பணம் கட்டுவதையும் முகவரே செய்யும்போது பயனர் திரையைப் பார்க்கவே மாட்டார். அப்போது வடிவமைக்க வேண்டியது அனுமதியை. எதுவரை கேட்காமல் செய்யலாம், எந்த இடத்தில் நின்று கேட்க வேண்டும், செய்ததை எப்படித் தெரிவிக்க வேண்டும், தவறினால் எப்படித் திரும்பப் பெறுவது என்பதெல்லாம் நிரல் எழுதத் தொடங்கும் முன்பே மேலாளர் முடிவு செய்ய வேண்டியவை. வரைகலைஞரிடம் விட்டுவிடக் கூடியவை அல்ல.