லீகல் டெண்டர்: ஒப்பந்தப்புள்ளியும் இல்லை, ‘சட்டப்பூர்வ பண’மும் இல்லை

1928 செப்டம்பர் 10 அன்று அயர்லாந்து வெளியிட்ட 10 பவுண்டு நோட்டின் படத்துக்குக் கீழே ‘சட்டப்பூர்வ ஒப்பந்தப்புள்ளிக் குறிப்பு’ என்று தமிழில் போட்டால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? பாலம் கட்டுவதற்குப் பொதுப்பணித் துறை கேட்ட டெண்டரின் அடிக்குறிப்பு என்றுதான் நினைப்பார். படத்திலோ முக்காடிட்ட ஒரு பெண் மோவாயைக் கையில் தாங்கி, யாழின்மேல் சாய்ந்திருக்கிறாள். ஓவியர் ஜான் லேவரி தன் மனைவி ஹேசலை மாதிரியாக வைத்து வரைந்த உருவம் அது. பின்பக்கம், டப்ளின் சுங்க மாளிகைக்காக எட்வர்ட் ஸ்மைத் செதுக்கிய நதிமுகங்களில் ஒன்று. இதில் ஒப்பந்தம் எங்கே, புள்ளி எங்கே, குறிப்பு எங்கே?

நோட்டில் ‘லீகல் டெண்டர் நோட்’ என்று அச்சிட்டிருந்தார்கள், அதாவது கடனுக்கு நீட்டினால் மறுக்க முடியாத நோட்டு. அந்த மூன்று சொல்லுக்கும் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டியதில் பிறந்ததுதான் மேலே சொன்ன தொடர். ‘நோட்டு’ என்று பெட்டிக்கடையிலும் புழங்குகிற சொல், ‘பணத்தாள்’, இலங்கையில் ‘நாணயத்தாள்’ எல்லாம் இருக்க, ‘குறிப்பு’ என்று எழுதுவது இயந்திரத்துக்கு மன்னிக்கலாம். சரிபார்க்க உட்கார்ந்த மனிதருக்கு மன்னிக்க முடியாது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். லத்தீனில் ‘டெண்டரே’ என்றால் நீட்டு. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ‘கொடுக்க முன்வந்து நீட்டுதல்’ என்ற பொருளில் நின்றது. விலை சொல்லி நீட்டினால் ஒப்பந்தப்புள்ளி. இலங்கையில் கேள்விமனு. கடனைத் தீர்க்கப் பணத்தை நீட்டினால் அதுவும் டெண்டர்தான். எந்தப் பணத்தை நீட்டினால் கடன்காரர், அதாவது கடன் கொடுத்தவர், வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பதைச் சட்டம் வரையறுத்தால் அது லீகல் டெண்டர். ஐரிஷ் மொழியிலும் இதே கூட்டுத்தான்: ‘த்லீ’ என்றால் சட்டம், ‘தாரிஷ்கிந்த்’ என்றால் முன்வைத்தல். ஆங்கிலச் சொல்லை உறுப்பு உறுப்பாகப் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படியே செய்ய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

ஆக, இந்தச் சொல் கடனைப் பற்றியது. பணம் நல்லதா கள்ளதா என்பதைப் பற்றியது இல்லை. ஆங்கிலப் பொதுச்சட்ட முறையில் நடப்பதைப் பார்த்தால் இது தெளிவாகும். கடன்பட்டவர் சரியான தொகையைச் சரியான வகைப் பணத்தில் நீட்ட வேண்டும். மீதிச் சில்லறை கேட்கக் கூடாது, நிபந்தனை போடக் கூடாது. கடன்காரர் வாங்க மறுத்தால் கடன் ரத்தாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், ஆகாது. ஆனால் அதற்குப் பிறகு அவர் வழக்குப் போட்டால், கடன்பட்டவர் அதே தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு, ‘அன்றே நீட்டினேன், இவர்தான் வாங்கவில்லை’ என்று வாதாடலாம். வாதம் நின்றால் கடன்காரருக்கு அசல் மட்டும்தான். நீட்டிய நாளுக்குப் பிந்திய வட்டியும் கிடையாது, வழக்குச் செலவும் அவர் தலையில். கடையில் ரொட்டி வாங்கப் போகும்போது இன்னும் கடனே உண்டாகவில்லை. அங்கே கடைக்காரர் 100 யூரோ நோட்டு வேண்டாம் என்று சொன்னால், ‘லீகல் டெண்டர்’ என்று கத்திப் பயனில்லை.

இனி ‘சட்டப்பூர்வ பணம்’ என்ற பெயர்ப்புக்கு வருவோம். ஒப்பந்தப்புள்ளி சிரித்துவிட்டுப் போகத்தக்கது. இது அப்படியில்லை, சரியாக இருப்பதுபோல் தோன்றி, ஆழமாகத் தவறு செய்வது. நாளிதழ்களிலும் பொருளாதாரப் பாடக் குறிப்புகளிலும் வேரூன்றிவிட்டது. இதன் குறை என்னவென்றால், எதிர்ப்பதம் தானாகவே முளைத்துவிடும். ஒன்று சட்டப்பூர்வ பணம் என்றால் மற்றது சட்டவிரோதப் பணம். அயர்லாந்தின் பணவரலாறு நெடுக, லீகல் டெண்டராக இல்லாமலே எந்தக் குற்றமும் செய்யாமல் புழங்கிய பணம் கொட்டிக் கிடக்கிறது.

முதல் சாட்சி உழவன் நோட்டு. 1927ஆம் ஆண்டு நாணயச் சட்டம் இரண்டு வகை நோட்டுகளுக்கு வழி செய்தது. ஒன்று, நாணய ஆணையம் வெளியிட்ட லேவரி நோட்டு. மற்றது, ஆணையத்தின் மேற்பார்வையில் 8 வங்கிகளின் பெயரில் 1929 மே மாதத் தேதியிலிருந்து வந்தது. அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் ‘ஒருங்கிணைந்த வங்கி நோட்டு’ எனலாம். முகப்பில் குதிரை பூட்டி ஏர் ஓட்டும் உழவன் இருந்ததால் சேகரிப்பாளர்கள் உழவன் நோட்டு என்றே சொல்கிறார்கள். வடிவம் எல்லா வங்கிக்கும் ஒன்றுதான், வங்கியின் பெயர் மட்டும் மாறும். பாங்க் ஆஃப் அயர்லாந்து, ஹைபர்னியன், மன்ஸ்டர் அண்ட் லெய்ன்ஸ்டர், நேஷனல், நார்தர்ன், புரொவின்ஷியல், ராயல், அல்ஸ்டர் என எட்டு. இந்த நோட்டு ஒருநாளும் லீகல் டெண்டராக இருந்ததில்லை. ஆனால் சட்டமே உண்டாக்கிய நோட்டு! அச்சிட்டதும் சட்டப்படி, புழங்கியதும் சட்டப்படி. வங்கியில் நீட்டினால் பணம் கிடைக்கும். கடன்காரரைக் கட்டாயப்படுத்தத்தான் முடியாது. ‘இது சட்டப்பூர்வ பணம் இல்லை’ என்று அதன் படத்துக்குக் கீழே எழுதினால் படிக்கிறவர் கள்ள நோட்டு என்று எண்ணிக்கொள்வார். வங்கிகள் பெயரால் கூட்டாக வந்த இந்த நோட்டு 1941க்குப் பிறகு அச்சிடப்படவில்லை. 1953 முடிவில் திரும்பப் பெறப்பட்டது.

இரண்டாவது சாட்சி எல்லைக்கு வடக்கே, இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்த வட அயர்லாந்தில் பாங்க் ஆஃப் அயர்லாந்து, அல்ஸ்டர் வங்கி, டான்ஸ்கே வங்கி ஆகியவை தங்கள் பெயரில் பவுண்டு நோட்டுகள் வெளியிடுகின்றன. அவை எங்கேயும் லீகல் டெண்டர் இல்லை. சரி, இங்கிலாந்து வங்கியின் நோட்டாவது? அதுவும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும்தான். ஆகவே பெல்பாஸ்டில் எந்த நோட்டுக்குமே அந்தத் தகுதி கிடையாது. நாணயங்களுக்கு மட்டும் உண்டு. ‘சட்டப்பூர்வ பணம்’ என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு இந்தச் செய்தியைத் தமிழில் எழுதிப் பாருங்கள். ‘வட அயர்லாந்தில் சட்டப்பூர்வமான பணத்தாள் எதுவும் இல்லை’ என்று வரும். ஒரு நிலப்பகுதி முழுவதும் கள்ளப் பணத்தில் வாழ்கிறது என்று அர்த்தமாகிவிடும்.

நாணயத்துக்கும் உச்சவரம்பு உண்டு என்பது மூன்றாவது சிக்கல். அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சிக்குள் இருந்தபோது வந்த 1870ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி வெள்ளிக் காசு 40 ஷில்லிங் வரை, வெண்கலக் காசு 1 ஷில்லிங் வரைதான் லீகல் டெண்டர். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. எனவே 12 வெண்கலப் பென்னிகளை நீட்டினால் கடன்காரர் வாங்கித்தான் ஆக வேண்டும். 13 நீட்டினால் மறுக்கலாம். பதின்மூன்றாவது பென்னி சட்டவிரோதமாகிவிட்டதா என்ன? இன்றைய யூரோ விதியும் இதே போக்குத்தான்: ஒரே தடவையில் 50 நாணயங்களுக்கு மேல் ஏற்க வேண்டிய கட்டாயம், வெளியிடும் அமைப்பைத் தவிர, யாருக்கும் கிடையாது. தொகை எவ்வளவு என்பது கணக்கில்லை, எத்தனை காசு என்பதே கணக்கு. சட்டப்பூர்வம் என்பது ஒன்று இருக்கும் அல்லது இருக்காது. அதற்கு ‘12 வரை’, ‘50 வரை’ என்று வரம்பு போட்டால் சொல் உடைந்துவிடுகிறது. ஏற்கும் கட்டாயத்துக்கு வரம்பு போடலாம், அது பொருந்தும்.

இந்த ‘கட்டாயம்’ என்ற சொல்லுக்காகவே அயர்லாந்தில் ஒருமுறை பெரிய போர் நடந்தது, மையில். 1722இல் வில்லியம் உட் என்ற ஆங்கிலேய இரும்பு வணிகருக்கு அயர்லாந்துக்கான செப்பு அரைப்பென்னிகளும் கால்பென்னிகளும் அடிக்க உரிமம் கிடைத்தது. மொத்த மதிப்பு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல். எதிர்ப்புக் கிளம்பியதும், ஒரு தடவைக்கு ஐந்தரைப் பென்னிக்கு மேல் வாங்க யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம் என்று உட் தரப்பு இறங்கி வந்தது. டப்ளின் துணிக்கடைக்காரர் ஒருவர் எழுதுவதுபோல் 1724இல் கடிதங்கள் வெளியிட்ட எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் அங்கேதான் பிடித்தார்: ஐந்தரைப் பென்னிக்கு மட்டும் கட்டாயப்படுத்த இவர் யார்? உரிமமே, விரும்பி வாங்குகிறவர்களுக்கு என்றுதானே சொல்கிறது? பொன், வெள்ளி நாணயம் தவிர எதையும் வாங்கச் சட்டம் யாரையும் நெருக்கவில்லையே? 1725இல் உரிமம் திரும்பப் பெறப்பட்டது. உட்டின் காசு அரசன் உரிமம் கொடுத்த காசு, முழுக்கச் சட்டப்பூர்வமான காசு. ஆனால் யாரும் வாங்கியாக வேண்டியதில்லை. லீகல் டெண்டருக்கு இதைவிடத் துல்லியமான பாடம் கிடைக்காது. அதைப் போய் ‘சட்டப்பூர்வ பணம்’ என்று பெயர்த்தால் ஸ்விஃப்டின் வாதமே தலைகீழாகிவிடும்.

தூய தமிழ் அன்பர்கள் ‘சட்டமுறைச் செலாவணி’ என்பார்கள். சட்டப்பூர்வ பணத்தைவிட இது மேல்தான், ஆனால் செலாவணி ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது. அந்நியச் செலாவணி என்றால் வெளிநாட்டுப் பணம், நாணயம் செலாவணியில் இருக்கிறது என்றால் புழக்கத்தில் இருக்கிறது. உழவன் நோட்டும் செலாவணியில் இருந்ததுதான். அதே காரணத்தால் ‘செல்லும் பணம்’ என்ற அழகான எளிய தொடரும் இங்கே தோற்கிறது. அல்ஸ்டர் வங்கி நோட்டு பெல்பாஸ்டின் எந்தக் கடையிலும் செல்லும். அதற்குச் சட்டத்தின் துணை வேண்டியதில்லை.

‘கடன்தீர் பணம்’ என்பதே பொருந்துகிறது. நாணயமானால் கடன்தீர் நாணயம், 1928 நோட்டானால் கடன்தீர் தாள். உச்சவரம்பைச் சொல்ல ‘கடன்தீர் வரம்பு’ என்று இயல்பாக நீளும். தீர் என்பது தன்வினை, ‘கடன் தீர்ந்த பணம்’ என்று ஆகாதா என்று இலக்கணம் தெரிந்தவர் கேட்கலாம். நோய்தீர் மருந்து என்றால் நோயைத் தீர்க்கும் மருந்து என்றுதானே படிக்கிறோம்? கட்டுரையில் முதல்முறை வரும் இடத்தில் மட்டும் ‘கடனுக்கு நீட்டினால் மறுக்க முடியாத பணம்’ என்று ஒரு விளக்கம் கொடுத்துவிட்டால் போதும். ஐரோப்பிய ஆணையம் 2010இல் தந்த பரிந்துரையிலும் இந்தச் சொல்லுக்கு மூன்று உள்ளடக்கம்: ஏற்றாக வேண்டும், முகமதிப்புக் குறையாமல் ஏற்க வேண்டும், கடப்பாட்டைத் தீர்க்கும் ஆற்றல் வேண்டும். மூன்றாவது அப்படியே நம் சொல்லுக்குள் இருக்கிறது.

பெயர்ப்பாளர் சறுக்கும் இன்னும் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஐரிஷ் பவுண்டு 2002 பிப்ரவரி 9ஆம் தேதியோடு கடன்தீர் தகுதியை இழந்தது. இதைத் தமிழில் ‘மதிப்பிழந்தது’ என்றும், 2016 நினைவில் ‘பணமதிப்பிழப்பு’ என்றும் எழுதுகிறார்கள். மதிப்பு ஒரு சென்ட் கூடக் குறையவில்லை. அயர்லாந்து மத்திய வங்கி கெடு எதுவும் வைக்காமல், 1 யூரோவுக்கு 0.787564 பவுண்டு என்ற நிலையான கணக்கில் இன்றும் மாற்றித் தருகிறது. பழைய 20 பவுண்டு நோட்டுக்கு 25.39 யூரோ வரும். ‘செல்லாக் காசு’ என்று தலைப்புப் போட்டு, அதை நம்பி யாராவது அலமாரியில் கிடந்த நோட்டைக் குப்பையில் போட்டால் யார் பொறுப்பு?

மற்றது 1, 2 சென்ட் காசு. 2015 அக்டோபர் 28 முதல் அயர்லாந்தில் ரொக்கமாகக் கட்டும்போது பில்லின் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்டுக்கு முழுமையாக்குகிறார்கள். 11.02 யூரோ 11.00 ஆகும், 11.03 யூரோ 11.05 ஆகும். ஒவ்வொரு பொருளின் விலையையும் முழுமையாக்குவதில்லை, அட்டையில் கட்டினால் சல்லிக்காசு மாறாது, கடைக்காரரும் வாங்குபவரும் விரும்பினால்தான் இது. ‘அயர்லாந்தில் 1, 2 சென்ட் ஒழிப்பு’ என்று எழுதினால் தவறு. அந்தக் காசுகள் இன்றும் கடன்தீர் நாணயங்கள்தான், புழக்கம்தான் வற்றியிருக்கிறது. உழவன் நோட்டுக்கு நேர் எதிரான நிலை: அது புழங்கியது, கடன்தீர் தகுதி இல்லை, இதற்குத் தகுதி இருக்கிறது, புழங்கவில்லை. இரண்டுக்கும் ஒரே ‘சட்டப்பூர்வ’த்தைப் போட்டு மெழுகுகிறவர்கள், 11.02 யூரோ பில்லுக்கு 2 சென்ட் காசை எடுத்து நீட்டுகிற வாடிக்கையாளரை எந்தச் சொல்லால் விளக்குவார்கள்?