குறுக்கு வழியும் வெள்ளைக் கட்டையும்

சமீபத்தில் ஒரு கோல்ஃப் கிளப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். இடதுபக்கம் வளைந்து போகும் ஒரு பார் 5, அதாவது ஐந்து அடிகளில் முடிக்க வேண்டிய ஹோல். ஒருவர் வளைவைச் சுற்றாமல், பக்கத்து ஹோலின் ஃபேர்வேயை, அதாவது அதன் புல்வழியைப் பார்த்துக் குறுக்கே அடித்தார். அருமையான அடி. வெட்டிய புல்லின் நடுவே பந்து பளிச்சென்று கிடந்தது. ஆனால் அது ஓபி (out of bounds), அதாவது எல்லை தாண்டிய பந்து. இந்த ஹோலை ஆடும்போது மட்டும் பக்கத்து ஃபேர்வே எல்லைக்கு வெளியே என்று காலையில் கொடுத்த உள்ளூர் விதித் தாளில் இருந்தது. தாளும் அவரிடம்தான் இருந்தது, நான்காக மடித்தபடி பாக்கெட்டில்.

குறுக்கே அடிப்பது தப்பில்லை. இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்று கோல்ஃபில் விதி எதுவும் கிடையாது. 1979 யு.எஸ். ஓபன், ஒஹாயோவில் இன்வெர்னஸ் கிளப்பில் நடந்தது. முதல் நாள் எட்டாவது ஹோலில் லான் ஹிங்கிள் என்ற ஆட்டக்காரர் 17-வது ஃபேர்வே வழியாக அடித்துத் தூரத்தைக் குறைத்துவிட்டார். மறுநாள் ஆட்டம் தொடங்குவதற்குள் அந்த இடைவெளியில் ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தைக் கொண்டுவந்து நட்டுவிட்டார்கள்! நட்டார்களே தவிர, அந்த வழியை யாரும் தடை செய்யவில்லை. ஹிங்கிள் இரண்டாம் நாளும் அப்படியேதான் ஆடினார்.

நம் கிளப்புகளில் மரம் நட மாட்டார்கள், மைதானத்துக்குள்ளேயே இப்படி ஒரு உள் எல்லை போட்டுவிடுவார்கள். பலருக்கு இதில் எரிச்சல். எனக்கு இல்லை. பக்கத்து ஃபேர்வேயில் எதிரே நடந்து வருகிறவர் உங்கள் பந்தை எதிர்பார்த்து நிற்பதில்லை.

பந்து எல்லைக்கு மேலே பறந்தாலே ஓபி என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படியில்லை, எங்கே போய் நிற்கிறது என்பதுதான் கணக்கு. செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தின் 17-வது ஹோலில் ஹோட்டல் நிலம் ஓபி. ஆனால் அதன் ஓரத்துக்கு மேலேதான் எல்லோரும் டிரைவ், அதாவது முதல் நீள அடி, அடிக்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் எல்லையைக் காட்டும் இரண்டு வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே நூல் பிடிப்போம். கட்டைகளின் உள்பக்கம், தரைமட்டத்தில். நூலுக்கு உள்ளே பந்தின் ஓரம் கொஞ்சம் இருந்தாலும் போதும், ஓபி இல்லை. நீங்கள் வெளியே நின்றுகூட அடிக்கலாம். கட்டையை மட்டும் பிடுங்காதீர்கள். கை பழக்கத்தில் பிடுங்கிவிட்டால் அடிக்கும் முன் அதே இடத்தில் நட்டுவிடுங்கள், தண்டனை இல்லை. நடாமல் அடித்தால் இரண்டு ஸ்ட்ரோக் (அடி) தண்டனை.

2017 பிரிட்டிஷ் ஓபனின் கடைசி நாளில், ராயல் பர்க்டேலின் 13-வது ஹோலில், ஜோர்டன் ஸ்பீத்தின் பந்து அடிக்கவே முடியாத இடத்தில் போய் விழுந்தது. பயிற்சி மைதானம் ஓபியா என்று அவர் நடுவரிடம் கேட்டார். இல்லை என்று தெரிந்ததும் ஒரு ஸ்ட்ரோக் தண்டனையோடு அங்கேயே போய்ப் பந்தைப் போட்டு, பாரைவிட ஒரே ஒரு அடி கூடுதலாக, போகியோடு தப்பித்தார். கோப்பையும் அவருக்குத்தான். நடுவரிடம் கேட்பதற்குக் காசா பணமா?

அப்புறம், ப்ரொவிஷனல், அதாவது முன்னெச்சரிக்கையாக அடித்து வைக்கும் தற்காலிகப் பந்து. பந்து ஓபி ஆகியிருக்கலாம் என்று தோன்றினாலே, முன்னால் நடக்கும் முன் "ப்ரொவிஷனல்" என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொன்று அடியுங்கள். "இன்னொண்ணு அடிக்கறேன்" என்று மட்டும் சொன்னால் செல்லாது. அப்படிச் சொல்லி அடித்தால் முதல் பந்து நல்ல இடத்தில் கிடந்தாலும் கணக்கில் இல்லை, இரண்டாவதுதான் ஆட்டப்பந்து.

நான் சொன்ன அந்த ஆட்டக்காரர் ப்ரொவிஷனல் அடிக்கவில்லை. நல்ல இடத்தில் விழுந்த பந்துக்கு யார் அடிப்பார்கள்? வெயிலில் முதல் அடி அடித்த டீ மேடை வரைக்கும் திரும்ப நடந்தார், தண்டனையோடு சேர்த்து மூன்றாவது அடி அடிக்க. அடுத்த குழு நான்கு பேர் அங்கே கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள்.