கட்டிலுக்கடியில் 820 பிரதிகள்

போன வாரமும் ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். "மிச்சப் பிரதிகளை எங்கேயாவது தள்ளிவிட வழி இருக்கா தம்பி?" தன் புத்தகத்தைச் சொந்தக் காசில் ஆயிரம் அச்சடித்ததில் 820 கட்டிலுக்கடியில் கிடக்கிறதாம். பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அட்டையில் லேமினேஷன் உப்பியிருந்தது, முதுகோரம் கரையான் தின்றிருந்தது. பக்கம் வடிவமைத்தும் மெய்ப்புத் திருத்தியும் பிழைக்கிறவன் நான். இதே காட்சியை இன்னும் எத்தனை தடவை பார்ப்பது?

எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "ஆயிரம் போட்டால் ஒரு பிரதியின் அடக்கவிலை குறையுமே!" குறையும், அத்தனையும் விற்றால். ஒரு பேச்சுக்கு, பிரதிக்கு 80 ரூபாய், ஆயிரத்துக்கு 80,000. விற்றது 180 என்றால், விற்ற ஒவ்வொன்றுக்கும் உங்கள் கைக்காசு 444 ரூபாய். அட்டையில் போட்ட விலையோ 200. அதிலும் கடைக்காரர் கழிவு 40 சதவீதம் போனால் கைக்கு வருவது 120. அதே புத்தகத்தைத் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் நூறு போட்டால் பிரதிக்கு 120 ஆகட்டுமே, மொத்தம் 12,000தான். கட்டிலுக்கடியில் கிடக்கும் காகிதத்துக்கு அடக்கவிலை பார்த்து என்ன லாபம்?

உடனே "நூலக ஆணை வருமே, அரசு நூலகங்கள் வாங்குமே" என்பார்கள். வரும் வருஷமும் உண்டு, வராத வருஷமும் உண்டு. வந்தாலும் அட்டையில் போட்ட விலை கிடைக்கும் என்று உறுதியில்லை. அதை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள்.

சொந்தக் காசு போடாமல் பதிப்பகம் வழியாக வந்தால், பொதுவாக ராயல்டி, அதாவது விற்பனையில் எழுத்தாளர் பங்கு, அட்டை விலையில் 10 சதவீதம். 200 ரூபாய்ப் புத்தகம் 300 விற்றால் 6,000 ரூபாய். ஒரு வருஷ உழைப்புக்கு அவ்வளவுதான். இதைச் சொன்னால் என்னை நம்பிக்கையைக் கெடுப்பவன் என்கிறார்கள்.

ஐஎஸ்பிஎன் என்கிற, புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்ணுக்கென்று தனியாகப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். பதிப்பகத்துக்கு எழுதித் தரும் உரிமை எத்தனை ஆண்டுக்கு என்று குறிக்காமல் விட்டால், பதிப்புரிமைச் சட்டப்படி அது ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். பணம் கட்டி அச்சடித்தவர்கள் அட்டை, உள்பக்கம் இரண்டின் பிடிஎஃப் கோப்பையும் கடைசித் தவணைக்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் கேட்டால் கணினி பழுது என்பார்கள்.

ஐயா, அம்மா, முதலில் நூறு போடுங்கள். தீர்ந்ததும் ஒரு போன் போதும், அடுத்த நூறு பிரதியும் பத்து நாளில் வந்துவிடும்.