"ஏறக்குறைய ஒன்றுதானே?" என்று வண்ணம் தேர்ந்தெடுக்காதீர்கள்

கூடத்துச் சுவரில் பெயிண்டின் இரண்டாவது கோட்டும் காய்ந்த பிறகு, "நாங்கள் கேட்ட கிரீம் இது இல்லையே" என்று ஒரு வீட்டு அம்மா கண்கலங்கி நின்றார். டப்பாவில் இருந்த எண்ணும் ஷேடு கார்டில் இருந்த எண்ணும் ஒன்றுதான். கடைக்காரர் மீதும் தவறில்லை, பெயிண்டர் மீதும் தவறில்லை. இந்த ஆண்டில் இப்படி நான் பார்க்கும் நான்காவது வீடு இது.

கடையில் அவர்கள் முன் இரண்டு ஷேடுகள் இருந்திருக்கின்றன. ஒன்று மஞ்சள் சாயும் ஐவரி, மற்றது இளஞ்சிவப்பு சாயும் பாதாம் நிறம். "இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே" என்று பாதாமை எடுத்துவிட்டார்கள். வீட்டிலோ சிவப்பு ஆக்சைடு தரை, மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல். மாலை நான்கு மணி வெயில் தரையில் விழுந்து எழும்பியதும் சுவர் முழுக்க ரோஸ்.

அந்த "ஏறக்குறைய" என்ற சொல்தான் என்னைப் பொறுமை இழக்க வைக்கிறது. அட்டையில் நீங்கள் பார்ப்பது தீப்பெட்டி அளவுத் துண்டு. சுவரோ நூறு சதுர அடிக்கு மேல். எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றின் ஒளியை மற்றதன்மேல் வீசுகின்றன. ஒவ்வொரு முறை பட்டுத் திரும்பும்போதும் சாயல் கூடிக்கொண்டே போகிறது. அட்டையில் கண்ணுக்கே தட்டுப்படாத சிவப்பு, நான்கு சுவர்களுக்கு நடுவே நிற்கும்போது பளிச்சென்று தெரியும். "அப்படியானால் ஒரு படி வெளிறியதை எடுத்துக்கொள்கிறோம்" என்பார்கள். வெளிறினால் அடர்த்திதான் குறையும். சாயும் பக்கம் மாறாது. இளஞ்சிவப்பு சாயும் ஷேடு எத்தனை வெளிறினாலும் இளஞ்சிவப்புப் பக்கமே சாயும்.

சாயலைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளைத் தாள் போதும். அட்டையின் மற்ற ஷேடுகளை மறைத்துவிட்டு, இரண்டையும் தாளின்மேல் அருகருகே வையுங்கள். எது எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடனே தெரியும்.

கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் முடிவெடுக்காதீர்கள். அது பெரும்பாலும் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளொளி. உங்கள் கூடத்தில் 3000 கெல்வின் மஞ்சள் பல்பு எரிந்தால் அதே சுவர் வேறு நிறம் காட்டும். கைப்பேசியில் படமெடுத்து உறவினர்களிடம் கருத்துக் கேட்கவும் வேண்டாம். கேமரா நிறத்தைத் தானாகவே திருத்திவிடும்.

தயவுசெய்து ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். இரண்டு ஷேடுகளிலும் சிறிய டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி ஒட்டுப்பலகைகளில் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, இரண்டு கோட் பூசி நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) வெளிறித் தெரியும், காய்ந்தால்தான் அடர்த்தி ஏறும். பிறகு சுவரோரம் தரையைத் தொட்டபடி நிறுத்தி, காலை, மாலை, இரவு மூன்று வேளையும் பாருங்கள்.

அந்த அம்மாவும் சென்ற வாரம் இப்படித்தான் மூன்று பலகைகளை வைத்துப் பார்த்தார். சிவப்புத் தரைக்கு இலேசாகப் பச்சை சாயும் ஐவரி பொருந்தும் என்று அதையும் நான் சேர்க்கச் சொல்லியிருந்தேன். நான்கு மணி வெயிலில் பாதாம் சிவந்தது, மஞ்சள் ஐவரி சற்றே சிவந்தது. மூன்றாவது பலகை கிரீமாகவே நின்றது. திங்கட்கிழமை பெயிண்டர் வருகிறார்.